யாருடைய இடம் இது? – கடலூர், சிதம்பரம் குறிப்புகள்

ஊர் சுற்ற வந்தவர்களில் ஒருவர் தின்பண்டக் கவரை மடித்துப் பைக்குள் வைத்துக்கொள்கிறார். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் மணலிலேயே போட்டுவிட்டு எழுந்து போகிறார். இருவரும் ஒரே பேருந்தில் வந்தவர்களாகக்கூட இருக்கலாம். முதலாமவரை மடித்து வைக்கச் சொல்வது எது? தேவனாம்பட்டினம் சில்வர் பீச், சிதம்பரம் கோயில், பிச்சாவரம் என்று இந்த மாவட்டத்துக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருப்பவன் என்பதால் இந்தக் கேள்வி என்னோடு வெகுநாளாக இருக்கிறது. அவ்வப்போது எழுதி வைத்தவற்றை இங்கே சேர்த்திருக்கிறேன். வரிசை எதுவும் கிடையாது.

*

காணும் பொங்கலுக்கு மறுநாள் காலை, சில்வர் பீச். விடிவதற்கு முன்பே தூய்மைப் பணியாளர்கள் வந்துவிட்டார்கள். கரும்புச் சக்கை, தண்ணீர் பாட்டில், சிப்ஸ் பாக்கெட், பேப்பர் கப், சாப்பாடு கட்டிவந்த அலுமினியத் தாள், ஒற்றைச் செருப்பு. கரும்புச் சக்கையைத் தவிர மற்றதெல்லாம் முப்பது வருடத்துக்கு முன்னால் இந்த மணலில் இவ்வளவு கிடந்திருக்காது.

கொஞ்ச நேரம் நின்று பார்த்தால் ஒன்று புலப்படுகிறது. குப்பை மணல் முழுக்கச் சீராகப் பரவிக் கிடக்கவில்லை. திட்டுத் திட்டாகக் கிடக்கிறது. முந்தின நாள் மதியம் முதலில் ஒரு குடும்பம் சாப்பிட்டு எங்கே போட்டதோ, அதைச் சுற்றி அடுத்தடுத்து வந்தவர்கள் போட்டிருக்கிறார்கள். நடுவில் பெரிய பெரிய இடங்கள் சுத்தமாக இருக்கின்றன. ஒரு பஜ்ஜி வண்டி நின்ற இடமும் அப்படித்தான். வண்டிக்காலில் சாக்குப் பை ஒன்றைக் கட்டித் தொங்கவிட்டிருந்தார் அந்தக் கடைக்காரம்மா. பஜ்ஜி தின்ற காகிதத்தை மணலில் போடப் போன பையனை, "தம்பி, இங்க போடு" என்று முந்தின நாள் மாலை அவர் கூப்பிட்டதைக் கேட்டிருக்கிறேன். அதட்டல் கிடையாது. இடத்தைக் காட்டினார், அவ்வளவுதான். பையன் போட்டான். பின்னால் வந்தவர்கள் சொல்லாமலே போட்டார்கள்.

அமெரிக்க உளவியலாளர் ராபர்ட் சியால்தீனியும் அவருடன் இருந்தவர்களும் 1990இல் வெளியிட்ட ஆய்வு இதே விஷயத்தைப் பற்றியது. வாகன நிறுத்தம் ஒன்றில் நின்ற கார்களின் கண்ணாடியில் துண்டு நோட்டீஸ்களைச் செருகி வைத்தார்கள். தரையில் முன்பே குப்பை கிடந்த நாளில் பலர் நோட்டீஸைக் கீழே போட்டார்கள். தரை சுத்தமாக இருந்த நாளில் போட்டவர்கள் குறைவு. வந்தவர்களின் குணம் ஒரு நாளைக்குள் மாறியிருக்காது. மாறியது தரை.

அதனால் திருவிழாவுக்கு மறுநாள் காலை கூட்டுவதைவிட விழா அன்று மதியம் ஒருமுறை கூட்டுவதுதான் பெரிய வேலை. அந்த வேலையைச் செய்கிறவர்களுக்குக் கூடுதல் கூலியும் நிழலும் தர வேண்டும். பொங்கல் விடுமுறை அவர்களுக்கும் உண்டு.

*

சிதம்பரம். கீழ வீதியில் ஒருவர் காபி குடித்துவிட்டுக் கப்பைச் சாக்கடை ஓரம் எறிந்தார். அடுத்த சில நிமிடத்தில் கிழக்குக் கோபுர வாசலில் அவரே செருப்பைக் கழற்றி ஒழுங்காக வைத்தார். உள்ளே போய்ச் சட்டையைக் கழற்றி மடித்துக் கையில் பிடித்துக்கொண்டு கனகசபையில் ஏறி நின்றார். அர்ச்சனைக்கு வாங்கிய பூவைச் சுற்றியிருந்த காகிதத்தை என்ன செய்வதென்று தெரியாமல் சட்டைக்குள்ளேயே சுருட்டி வைத்துக்கொண்டார்.

மக்களுக்குப் போதிய அறிவு இல்லை, விழிப்புணர்வு ஊட்ட வேண்டும் என்று மேடையில் பேசுவதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு இவர் ஞாபகம் வருகிறது. அவருக்கு எல்லாம் தெரியும். சன்னிதிக்குள் அவர் கண்ணுக்கு உடையவன் ஒருவன் தெரிகிறான். வீதி யாருக்கும் சொந்தமில்லாதது போல் தெரிகிறது. மதில் சுவர்தான் அவருடைய எல்லை. அந்த எல்லையை எப்படி வீதி வரைக்கும், அலை வரைக்கும், உப்பங்கழி வரைக்கும் நகர்த்துவது என்பதுதான் என் கேள்வியெல்லாம்.

*

மார்கழித் திருவாதிரை. களியும் கூட்டும் வாங்க நின்ற வரிசையில் எனக்கு முன்னால் ஒரு அம்மா, வடலூர்ப் பக்கத்து ஊர். கையில் சின்ன எவர்சில்வர் தூக்கு. தட்டை நீட்டியவரிடம், "இதுல போடுப்பா" என்று மூடியைத் திறந்தார். பரிமாறியவர் கொஞ்சம் தாராளமாகவே போட்டார். "தட்டு வேண்டாமாம்மா?" என்று கேட்டேன். "நடக்க முடியாம வீட்டுக்காரரு வீட்டுல இருக்காரு. அவருக்குக் கொண்டுபோகணும். தட்டுல வாங்கினா எப்படிப் பஸ்ஸுல கொண்டுபோறது?"

சுற்றுச்சூழல் என்ற சொல் அவர் வாயில் வரவேயில்லை. ஆனால் அந்த வரிசையில் குப்பையே போடாமல் போனவர் அவர்தான். குப்பையைக் குறைக்க நல்ல நோக்கம்தான் வேண்டும் என்று நாம் ஏன் நினைக்கிறோம்? பாசம், சிக்கனம், வெட்கம், பக்தி, பிள்ளைக்கு முன்னால் நல்லபடி நடக்கும் ஆசை, காலி பாட்டிலைக் கொடுத்தால் பத்து ரூபாய் திரும்பக் கிடைக்கும் கணக்கு, எதுவாக இருந்தாலும் மணலுக்கும் மரத்துக்கும் ஒன்றுதான்.

*

உட்கார்ந்து சாப்பிடும் இடத்தில் குப்பை குறைவு. நடந்துகொண்டே சாப்பிடும் இடத்தில் அதிகம். வடலூரில் வள்ளலார் 1867இல் தொடங்கிய தருமசாலையில் பந்தியில் உட்காரவைத்துப் போடுகிறார்கள். தேரோட்டத்தன்று சிதம்பரத்தில் நாலு வீதியிலும் நல்ல மனசோடுதான் சாம்பார் சாதமும் நீர்மோரும் கொடுக்கிறார்கள். ஆனால் வாங்கியவர் தேரோடு நகர்ந்துகொண்டே குடிப்பதால் கப் எங்கே விழும் என்று அவருக்கே தெரியாது. கொடுக்கிறவர்கள் பந்தல் பக்கத்தில் நாலு பெஞ்சு போட்டு, எவர்சில்வர் டம்ளர் வைத்து, கழுவ ஒரு ஆள் வைத்தால் தானத்தின் புண்ணியம் ஒன்றும் குறையாது. ஆனித் திருமஞ்சன வெயிலில் உட்கார இடம் கிடைத்தால் வயதானவர்கள் வாழ்த்திவிட்டே போவார்கள்.

பிளாஸ்டிக் பூசிய பேப்பர் கப் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை செய்யப்பட்ட 14 பொருட்களில் ஒன்று என்பதையும் இங்கே எழுதி வைக்கிறேன். பேப்பர் என்று பெயர் இருப்பதால் அதில் தோஷமில்லை என்றே பலர் நம்புகிறார்கள்.

*

அந்த 14 பொருட்களின் தடைப் பட்டியலில் தண்ணீர் பாக்கெட் இருக்கிறது, தண்ணீர் பாட்டில் இல்லை. நான் பார்த்த வரையில் பயணக் குப்பையில் முதல் இடம் பாட்டிலுக்குத்தான். பயணிகள் விரும்பி அதை வாங்குவதாக எனக்குத் தோன்றவில்லை. வெளியூர்த் தண்ணீரைக் குடித்தால் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்துவிடுமோ என்ற பயம்தான் வாங்கவைக்கிறது. நியாயமான பயம். அந்தப் பயத்துக்குப் பதில் சொல்லாமல், "பாட்டில் வாங்காதீர்கள்" என்று பலகை வைத்தால் யார் கேட்பார்கள்? நீலகிரியில் பாட்டில் தண்ணீருக்குத் தடை போட்டபோது தண்ணீர் ஏடிஎம்களையும் கூடவே வைத்தார்கள். தடையும் மாற்றும் ஒன்றாக வந்தால்தான் ஜனங்கள் ஏற்பார்கள். மஞ்சப்பையும் அப்படித்தான். 2021 டிசம்பரில் 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கத்தை அரசு தொடங்கியபோது பழைய பழக்கம் ஒன்று கையில் தயாராக இருந்தது. புதிதாக எதையும் கற்றுக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை.

*

வீட்டில் மக்கும் குப்பை, மக்காத குப்பை என்று பிரித்துப் போடுகிற குடும்பம். எனக்கு நன்றாகத் தெரிந்தவர்கள். வேனில் பிச்சாவரம் கிளம்பியபோது ஒரு பெட்டி நிறைய அரை லிட்டர் பாட்டில் ஏற்றினார்கள். "இன்னிக்கு ஒரு நாளைக்குத்தானே!"

எமில் யுவான், சாரா டோல்னிச்சார் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 2014இல் இதைப் பற்றி எழுதினார்கள். சுற்றுச்சூழல் அமைப்புகளில் முனைந்து வேலை செய்கிறவர்களையே தேடிப்பிடித்து, உங்கள் விடுமுறைப் பயணம் எப்படி என்று கேட்டார்கள். அவர்களும் காரணம் அடுக்கினார்கள்: விடுமுறை என்பது வேறு, வீட்டில்தான் நிறையச் செய்கிறேனே, வேறு வழியில்லை. ஆக, இது நம் ஊர் ஜனங்களின் தனிக் குறை கிடையாது. விடுமுறை என்றாலே வழக்கமான கட்டுப்பாடுகளை அவிழ்த்துவிடும் நாள் என்று மனசு எடுத்துக்கொள்கிறது. அந்த மனசோடு, போன இடத்தில் போய்ச் சண்டை போடுவதில் பயனில்லை. கிளம்புவதற்கு முந்தின இரவு, சமையற்கட்டில், பாதி வேலை முடிந்திருக்க வேண்டும். தண்ணீரைக் காய்ச்சி ஆறவைத்துப் பிடித்துவிட்டால் மறுநாள் யாரும் யாருக்கும் உபதேசம் செய்ய வேண்டியதில்லை.

*

முன்பு பயணத்துக்குப் போனவர்கள் புளியோதரையும் தயிர்சாதமும் கட்டிக்கொண்டு போனார்கள். கூஜாவில் தண்ணீர். சாப்பிட்ட வாழையிலையை ரயில் ஜன்னல் வழியாக வீசினார்கள், மாடு தின்றது. கூஜாவையும் தூக்கையும் யாரும் வீசவில்லை. விலை கொடுத்து வாங்கியது, பேர் வெட்டியது, சீராக வந்தது. வீசுகிற கை அன்றைக்கும் இருந்தது. காசு பெறும் என்று தெரிந்ததை மட்டும் அந்தக் கை வீசாது.

டாஸ்மாக் பாட்டில் திட்டம் இதைத்தான் செய்தது. யானைக் காட்டில் உடைந்த பாட்டில்கள் கிடக்கின்றன என்று வழக்கு நடந்து, உயர் நீதிமன்றம் வலியுறுத்தியதன் பேரில் 2022இல் நீலகிரியில் தொடங்கினார்கள். பாட்டிலுக்குப் பத்து ரூபாய் கூடுதலாக வாங்குவது, காலி பாட்டிலைக் கொடுத்தால் திருப்பித் தருவது. பெரும்பகுதி பாட்டில்கள் திரும்பி வந்தன. குடித்துவிட்டு நிலை தடுமாறியவரும் பாட்டிலைப் பத்திரமாகக் கொண்டுவந்தார். அவர் விட்டுவிட்டுப் போனால் வேறொருவர் பொறுக்கி வந்தார். அதே 2022இல் கேதார்நாத்திலும் பிளாஸ்டிக் பாட்டிலில் க்யூஆர் ஒட்டி, பத்து ரூபாய் வாங்கி, திருப்பிக் கொடுத்தார்கள். மலை ஏறி இறங்கும் யாத்திரிகர்களிடம் அது செல்லுபடியாகிறது என்றால் சமதளத்தில் இருக்கும் நமக்கு என்ன?

கொடைக்கானலில் 2024இல் வந்தது வேறு மாதிரி: சின்ன பாட்டில் கொண்டுவந்தால் 20 ரூபாய் பசுமை வரி. என் விருப்பம் முதலாவதுதான். வரியைக் கட்டிவிட்டால் பாட்டிலோடு உறவு தீர்ந்துவிடுகிறது, போடவும் உரிமை வந்துவிட்டதாகத் தோன்றுகிறது. வைப்புத்தொகை என்றால் பாட்டில் கடைசி வரை கையில் இருக்கிறது.

*

பலகைகள். "தினமும் இங்கே இத்தனை டன் குப்பை போடப்படுகிறது" என்று வருத்தத்தோடு எழுதி வைக்கிறோம். படிக்கிறவருக்கு அது என்ன சொல்கிறது? எல்லோரும்தான் போடுகிறார்கள் என்று. அரிசோனாவில் கல்லாகிப்போன மரங்கள் நிறைந்த தேசியப் பூங்கா ஒன்று இருக்கிறது. பலர் துண்டுகளை எடுத்துப்போவதால் பூங்காவே அழிகிறது என்று பலகை வைத்துச் சியால்தீனி குழுவினர் சோதித்தார்கள். அடையாளமிட்டு வைத்த துண்டுகளில் கிட்டத்தட்ட 8 சதவீதம் போய்விட்டன. எடுக்காதீர்கள் என்று மட்டும் சொன்ன பலகை இருந்தபோது 2 சதவீதம்கூடப் போகவில்லை.

ஓட்டல் அறையில் தரும் குளியல் துண்டை வைத்துச் செய்த ஆய்வும் அதே திசைதான். சுற்றுச்சூழலைக் காக்க மறுபடி பயன்படுத்துங்கள் என்ற அட்டைக்கு 35 சதவீதம் பேர் இணங்கினார்கள். விருந்தினர்களில் பெரும்பாலோர் அப்படிச் செய்கிறார்கள் என்ற அட்டைக்கு 44. அடுத்த சோதனையில், இதே அறையில் தங்கியவர்கள் செய்தார்கள் என்று எழுதியபோது 49. கோல்ட்ஸ்டைன், சியால்தீனி, கிரிஸ்கெவிசியஸ் மூவரும் 2008இல் வெளியிட்டது. முகம் தெரியாத பூமியைவிட, நேற்று இதே கட்டிலில் படுத்திருந்தவன் நெருக்கமாகத் தெரிகிறான்.

*

பிச்சாவரம் பற்றிக் கொஞ்சம் நீளமாகவே எழுத வேண்டும்.

வெள்ளாறும் கொள்ளிடமும் கடலைச் சேரும் இடங்களுக்கு நடுவே இருக்கும் சதுப்புக்காடு. சுமார் 1,100 ஹெக்டேர். 1975இல் வந்த 'இதயக்கனி' படத்தில் பார்த்துவிட்டு வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் இப்போது வருகிறார்கள். 2022இல் ராம்சார் தளமாக, அதாவது உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாக, அறிவித்தார்கள். 2004 டிசம்பர் 26 காலையில் கடல் எழுந்து வந்தபோது இந்தக் காட்டின் மறைவில் இருந்த குடியிருப்புகளில் சேதம் குறைவு. அண்ணாமலைப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பரங்கிப்பேட்டைக் கரையில் 18 குடியிருப்புகளைப் பார்த்து 2005இல் அதை எழுதினார்கள். கிள்ளைப் பக்கத்தில் வயதானவர்களிடம் கேட்டால் ஆய்வு இல்லாமலே சொல்வார்கள்.

துடுப்புப் படகில் குறுகலான கால்வாய்க்குள் நுழைந்ததும் வெளிச்சம் குறைகிறது. இரண்டு பக்கமும் சுரபுன்னையின் தாங்குவேர்கள் வளைந்து சேற்றில் இறங்குகின்றன. கொஞ்சம் தள்ளி வெண்கண்டல். அதன் வேர்கள் சேற்றுக்குள்ளிருந்து பென்சில் பென்சிலாக மேலே நீட்டிக்கொண்டிருக்கின்றன. தண்ணீர் வற்றும் நேரத்தில் அந்த நுனிகள் வழியாகத்தான் மரம் மூச்சு விடுகிறது. அவற்றில் ஒரு கேரி பேக் மாட்டியிருந்தது. பத்துப் பதினைந்து வேர் நுனிகளை ஒன்றாகப் போர்த்தி, மேலே சேறு படிந்து, பார்த்தால் பிளாஸ்டிக் என்றே தெரியாத நிறத்தில் இருந்தது. படகுக்காரர் துடுப்பை மாற்றிப் பிடித்து, நுனியால் மெல்லக் கிளறி, வேர் ஒன்றும் ஒடியாமல் அதைத் தூக்கிப் படகுக்குள் போட்டார். அடியில் இருந்த நுனிகள் வெளுத்திருந்தன. "மூக்கைப் பொத்துனா நாம இருப்பமா சார்?" என்றார்.

ஜாவாக் கரையில் இதே வகை மரங்களை வைத்துச் செய்த ஆய்வு 2021இல் வந்தது. வேர்ப்பகுதியைப் பாதி மூடினால் மரம் எப்படியோ சமாளிக்கிறது. முழுக்க மூடினால் இலை குறைகிறது, செத்துப்போகும் மரங்களும் கூடுகின்றன என்கிறது அந்த ஆய்வு. படகுக்காரர் சொன்னதற்கும் இதற்கும் வித்தியாசமில்லை.

அதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்கு முக்கியம். எங்கள் படகில் இருந்த கல்லூரிப் பையன்கள் அதுவரை கடலைமிட்டாய்க் கவரைத் தண்ணீரில் விட்டு மிதப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருத்தன் சட்டென்று கையை நீட்டி அதை எடுத்தான். இன்னொருத்தன், "அண்ணே, அங்க ஒண்ணு கிடக்குது, அந்தப் பக்கம் விடுங்க" என்றான். திரும்பி வரும்போது படகின் அடியில் சின்னக் குவியல் சேர்ந்திருந்தது. யாரும் பாடம் நடத்தவில்லை. அந்த இடம் ஒருவருடையது என்று அவர்களுக்குத் தெரிந்துவிட்டது. அவர் எதிரிலேயே உட்கார்ந்து துடுப்புப் போட்டுக்கொண்டிருந்தார். கோயிலுக்குள் சட்டையில் காகிதத்தைச் சுருட்டி வைத்துக்கொண்டவரிடம் வேலை செய்தது எதுவோ, அதுவே இங்கேயும் செய்தது என்று நம்புகிறேன்.

விசைப்படகில் இது நடப்பதில்லை. சத்தத்தில் பேச்சு கிடையாது. போகிற வேகத்தில் வேரும் தெரிவதில்லை, ஆளும் தெரிவதில்லை.

*

பிள்ளைகள். ஸ்லோவேனியாவில் ஒரு ஓட்டலில், தட்டில் மிச்சம் வைக்காத குடும்பத்துக்கு முத்திரை கொடுத்து, அட்டை நிறைந்தால் சின்னப் பரிசு என்று பிள்ளைகளுக்கு ஒரு விளையாட்டு வைத்தார்கள். வீணாகும் உணவு 34 சதவீதம் குறைந்ததாக டோல்னிச்சாரும் சக ஆய்வாளர்களும் 2020இல் எழுதினார்கள். இலையில் மிச்சம் வைத்தால் பாட்டி விடமாட்டாள் என்று வளர்ந்தவர்களுக்கு இதில் ஆச்சரியமில்லை. இப்போது அந்தப் பாட்டியின் வேலையைப் பேத்தி செய்கிறாள். சில்வர் பீச்சில் யூனிபார்ம் போட்ட ஒரு சின்னப் பெண், அப்பாவின் கையில் இருந்த காலி கப்பை வாங்கிக்கொண்டு தொட்டி தேடி ஓடியதைப் பார்த்தேன். தொட்டி தொலைவில் இருந்தது. அப்பாவும் பின்னாலேயே போனார்.

*

சிதம்பரத்திலிருந்து பிச்சாவரம் சுமார் 15 கிலோமீட்டர்தான். காலையில் நடராஜர், மதியம் கொத்சு, மாலை படகு என்றுதான் வெளியூர்க்காரர்கள் வருகிறார்கள். அதனால் கேட்கிறேன். படகுச் சீட்டு கொடுக்கும் இடத்திலேயே ஒவ்வொரு பாட்டிலுக்கும் பத்து ரூபாய் வாங்கி, ஸ்டிக்கர் ஒட்டி, திரும்பி வந்ததும் கொடுக்கும் ஏற்பாட்டைச் சுற்றுலாத் துறையும் வனத் துறையும் ஒரு கோடை விடுமுறைக்காவது செய்து பார்க்க வேண்டும். நம்பிக் குடிக்கக்கூடிய தண்ணீர்க் குழாய் பக்கத்திலேயே இருக்க வேண்டும். வேரிலிருந்து குப்பையை எடுத்து வரும் படகுக்காரருக்கு எடைக்கு ஏற்பக் காசு கொடுக்க வேண்டும். இன்று அவர் அதைச் சும்மாதான் செய்கிறார்.

வருகிறவர்களிடம் கேட்பது இரண்டுதான். தண்ணீரை வீட்டிலிருந்து கொண்டுவாருங்கள். படகில் ஏறி உட்கார்ந்ததும் படகுக்காரரிடம் அவர் பேரையும் ஊரையும் கேளுங்கள்.